கங்காணிக்குக் கேதம் சொன்ன மழைநாள்

இப்போதெல்லாம் சாவுச் செய்தி கைபேசியில் வருகிறது. போன வாரம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழுவில் உங்களில் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். மாலை போட்ட முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே எழுத்து: "எங்கள் தோட்டத்தின் மூத்தவர், கோயிலுக்கு மணி வாங்கித் தந்த பெருந்தகை, இறைவனடி சேர்ந்தார்." மத்தியானத்துக்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வத்தளையில் இருப்பவள் போட்டாள், கனடாவில் இருப்பவர் போட்டார். நான் மட்டும் போடவில்லை. "கங்காணியார் போயிட்டாரு, பாக்கலியா நீ?" என்று தனியாக வேறு கேட்டு எழுதினீர்கள்.

பார்த்தேன். படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கி மூக்குத் துவாரம் தெரியும்வரை பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இப்படிப் பேசலாமா என்பீர்கள். இந்த வயதில் பேசாமல் வேறு எப்போது பேசுவது? இன்றைக்கு எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, அந்த ஆள்மேல் இருந்த கோபமும் கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது. அந்த மழைநாளில் லயத்து வாசலில் நடந்ததை உங்களில் பலர் கண்ணால் கண்டீர்கள். நீங்கள் கண்டது கடைசிப் பாதி. முதல் பாதி என்னோடும் அவளோடும் இருக்கிறது.

அவளை மறந்திருக்க மாட்டீர்கள். வகுப்பில் ஜன்னலோர வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்த என் கூட்டாளி. பின்னலைப் பிடித்து இழுத்து நீங்கள்கூட அடி வாங்கியிருப்பீர்கள், அவ்வளவு நீளம். அவளுடைய அம்மா பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே எங்கோ போனவர், திரும்பவில்லை. அப்பாவின் அண்ணன்தான் கங்காணி. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மலையில் மேல்பார்வை. தம்பி மகளைத் லயத்து வரிசை வீட்டில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் வைத்துக்கொண்டார். "தம்பி புள்ளய தன் புள்ளயாட்டம் வளக்கிறாரு" என்று ஊரே மெச்சியது. வளர்த்த அழகை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விறகு பொறுக்குவது அவள், பீலியில் தண்ணீர் பிடிப்பது அவள், மழைக்காலத்தில் அவருக்கு இழுப்பு வந்தால் நெஞ்சில் தைலம் தேய்ப்பதும் அவள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் அப்போது கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்.

அந்த வருஷத்து ஆடி மழையைச் சொல்ல வேண்டும். இப்போது பெய்வதெல்லாம் மழையா? அப்போது பிடித்தால் விடாது. சுவரில் பாசி, புத்தகத்தில் பூஞ்சை, அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்ட சீருடையில் புகை வாசம். லயத்துத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் பேசுவோம். விட்ட பிறகும் காது கொஞ்ச நேரம் இரையும்.

அப்படி ஒரு சாயங்காலம் பீலிக்குக் குடத்தோடு போனேன். சாக்கடையில் ஏதோ கறுப்பாகச் சுற்றிக்கொண்டு தண்ணீரைத் தடுத்து நின்றது. செத்த பாம்பு என்று நினைத்துக் குச்சியால் தூக்கினேன். முடி. நுனியில் ரிப்பன் இருந்தது, என்னுடைய பச்சை ரிப்பன், நான் அவளுக்குக் கொடுத்தது.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கங்காணி சிரித்த முகமாகச் சொன்னார். "தலை பூரா பேனு, அதான் வெட்டிட்டோம். தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், நாலு நாள் இருந்துட்டு வரட்டும்." என் அம்மா ஒருத்திதான் மலையில் வைத்து இன்னொரு தரம் கேட்டாள். "பள்ளிக்கூடம் நடக்குற நேரத்துல எதுக்குங்க அனுப்பினீங்க?" அவ்வளவுதான் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குத் தொங்கல் நிரை. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் நீங்கள், உங்களுக்கு விளக்க வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசைச் செடி, அது அவளுடைய நிரை. ஓரத்தில் பள்ளத்தை ஒட்டிப் போவது தொங்கல் நிரை. கால் வழுக்கும், கொழுந்து குறைவு, அட்டை அதிகம். யாருக்கு எந்த நிரை என்பது கங்காணி வாயில் இருந்தது. அம்மா சாயங்காலம் வந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்தால் முழங்கால்வரை இரத்தக் கோடு. நான் உப்புத் தொட்டு அட்டைகளை எடுப்பேன். "அவங்க வீட்டு விஷயம், நா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அந்த ஆள் வீட்டுப் படியோ அவர் சொந்தக்காரர் வீட்டுப் படியோ மிதிக்க மாட்டேன், அவர்கள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்க மாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தேன். பெரிய வீம்பு அது. அந்த வீம்புதான் பிறகு எல்லாவற்றையும் நடத்தியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளைப் பார்க்க வேண்டும், வேறு எண்ணம் இல்லை. அவளுடைய அத்தை வீடு நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், மேலே இருக்கும் தோட்டத்தில். முன்பு ஒரு திருவிழாவுக்குப் போயிருந்ததால் வழி தெரியும். உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவுக்காரம் தேய்த்தேன்.

மஸ்கெலியா டவுனுக்கு வந்தபோதே சவுக்காரம் கரைந்துவிட்டது. கருவாடும் மண்ணெண்ணெயும் புதுத்துணியும் ஒன்றாக மணக்கும் முஸ்லிம் நானாவின் கடை வாசலில் ஒதுங்கினேன். நம் தோட்டத்துச் சனம் எல்லாம் அவரிடம்தான் சாமான் வாங்கும்.

"என்ன புள்ள, இந்த மழையில எங்க போறீங்க?"

"கங்காணி வீட்டுப் புள்ளயப் பாக்கப் போறேன் நானா. அவ அத்தை வீட்டுல இருக்கா."

"அந்தப் புள்ளயா?" அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "அவ நாளைக்கு கொழும்புக்குப் போறாளே. நேத்துத்தான் பெரியப்பா வந்து ரெண்டு கவுன் எடுத்தாரு. யாரோ ஒரு ஐயா வீட்டுல வேலையாம். காலையில காரு வருதுன்னாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். தீபாவளிக்கு ஒரு தரம் வரும், பேசாது, அடுத்த தீபாவளிக்கு வராது. முடியை ஏன் வெட்டினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டு அம்மாவுக்குப் பேன் பிடிக்காது. நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பணிஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். "பாத்துப் போங்க. மேல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு போகல" என்றார்.

நடந்தேன். பணிஸ் நனைந்து களியாகிவிட்டது, அழுதுகொண்டே தின்றேன். மண் சரிந்த இடத்தில் ரோட்டு வேலை ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். "நங்கி, கொஹெத யன்னே?" என்று ஒருவர் கேட்டார். எங்கே போகிறேன் என்று கேட்டதற்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "யாளுவா" என்றேன், கூட்டாளி. அவர் சிரித்துவிட்டு இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தூக்கிச் சேற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு குறுக்குவழி. தேயிலைக்குள் ஏறுவது, ஓடையைத் தாண்டுவது, மறுபடி ஏறுவது. ஓடையில் ஒரு செருப்புப் போனது. கல்லில் சறுக்கி விழுந்ததில் கொங்காணியும் ரிப்பனும் போயின. பின்னல் அவிழ்ந்து முடி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அத்தையின் லயத்துக்கு முன்னால் போய் நின்றபோது நான் இருந்த கோலம் அதுதான்.

லயத்து ஆட்கள் பலர் வீட்டில் இருந்தார்கள், மழைக்கு வேலையை நிறுத்தியிருந்தார்கள். அத்தை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதவோரத்தில் மொட்டையாக வெட்டிய தலையோடு என் கூட்டாளி. கொடியில் இரண்டு புதுக் கவுன்கள் தொங்கின.

"அட, அண்ணன் தோட்டத்துப் புள்ளயில்ல நீ? மழையில நிக்காத, உள்ள ஏறு" என்றாள் அத்தை.

நான் ஏறவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே.

"ஏறு புள்ள. தேத்தண்ணி தாறேன்."

"எனக்கு வேணாம்."

சுளகு அத்தையின் கையில் அப்படியே நின்றது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் அறிவீர்கள். கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருபவர் வீட்டுக்குள் ஏறமாட்டார். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அத்தை என் விரிந்த தலையைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள், நான் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"யாத்தே! எங்கண்ணனா?"

எனக்கே அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"இழுப்பு வந்துருச்சா? ரோட்டுல மண்ணு விழுந்து கெடக்குன்னு ஆம்பளைங்க வர முடியாமத்தான் ஒன்ன அனுப்பினாங்களா? சொல்லு புள்ள, எங்கண்ணன் போயிட்டானா?"

கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எனக்கு அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. சாக்கடையில் கிடந்த முடி நினைவுக்கு வந்தது. நாளைக் காலையில் வரப்போகும் கார் நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றேன்.

பொய் சொன்னால் உறுத்தும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு இன்றுவரை உறுத்தவில்லை. அன்று தொண்டைக்குள் இனிப்பாக இருந்தது.

பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பக்கத்துக் காம்பராக்காரிகள் ஓடிவந்து பிடித்தார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கதவைப் பூட்டி, ஒரு லயமே கிளம்பியது. சாவு வீட்டுக்குப் போகும்போது அவர் வளர்த்த தம்பி மகளை விட்டுவிட்டா போவார்கள்? அவள் தலையில் ஒரு துவாயைப் போட்டுக் கூட்டிக்கொண்டார்கள். கவுன்கள் கொடியிலேயே கிடந்தன. கேதம் என்று சொன்னதும் கொழுந்து லொறி நின்று எல்லோரையும் மண் சரிந்த இடம்வரை ஏற்றிக்கொண்டது.

லொறியில் சாக்குகளுக்கு நடுவில் அவள் என் காதில் கேட்டாள்.

"நெசமாவாடி?"

"இல்ல."

அவள் துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின்னால் இருந்த கிழவி அவள் முதுகைத் தடவி, "அழுவு கண்ணு, அழுதுரு" என்றாள். அவ்வளவு சிரிப்பை நான் யார் முகத்திலும் கண்டதில்லை.

இதற்குப் பிறகுதான் நீங்கள் பார்த்தது. கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம். கங்காணி இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பீங்கான் கோப்பையில் தேத்தண்ணியும் உள்ளங்கையில் சீனியுமாக உட்கார்ந்திருந்தார். வளைவிலிருந்தே தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்த அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, கூட வந்த பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"தாயில்லாப் புள்ள தலமுடிய வெட்டி
என் வாசல்ல விட்டியே அண்ணா
கொழும்புக்காரன் காருல ஏத்தச் சொல்லி
கொண்டாந்து விட்டியே அண்ணா
வேணாம் வேணாமுன்னு நாஞ்சொன்னேனே
வெரட்டி அடிச்சியே அண்ணா
காரு வரமுன்னே காலன் வந்தானோ
அந்தப் புள்ள பாவமோ அண்ணா!"

ஒப்பாரியில் மனதில் உள்ளது வரும். அதை யாரும் தடுக்க முடியாது, இடையில் நிறுத்த முடியாது. மொத்த லயமும் கூடையை முதுகில் வைத்தபடி கேட்டது. கங்காணி எழுந்து நின்றார். வாய் திறந்திருந்தது, சீனி உள்ளங்கையிலிருந்து கொட்டியது. அவருக்கு எதிரிலேயே அவருக்காக அழுதார்கள். முழுவதையும் அவர் கேட்டார். அந்த முகத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், மனம் சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்ப்பேன்.

அத்தை நிமிர்ந்தபோது அலறிய அலறலில் நாய்கள் ஓடின. "யாருடி சொன்னது?" என்று அவர் கத்தினார். எல்லா விரலும் என்னைக் காட்டின.

"நா கூட்டாளியப் பாக்கத்தான் போனேன். அவங்களாத்தான் கேட்டாங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒருத்தி, "ஒப்பாரிய உசுரோட இருக்கும்போதே கேட்டுக்கிட்டீங்களே கங்காணியாரே, குடுத்து வச்சவருதான்" என்றாள். யாரும் சிரிப்பை அடக்கவில்லை. இன்னொருத்தி சிரிக்காமல் கேட்டாள். "அப்ப புள்ளய கொழும்புக்கா விக்கப் பாத்தீங்க?" அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கேட்டது என் அம்மா. வீட்டுக்குப் போனதும் அவள் என்னைக் கூடைக் கயிற்றால் விளாசினாள். சோற்றில் எனக்கு மட்டும் இரண்டு துண்டு கருவாடு வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கைகூப்பியிருப்பேன். முடியவில்லை. மழை விட்டது, வெயில் வந்தது, கங்காணி கோயிலில் விழுந்து கும்பிட்டார். புத்தி வந்துவிட்டது, ஹட்டனில் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துப் படிக்கவைக்கப் போகிறேன் என்றார். பெரியவர்கள் நம்பினார்கள். "மனுசன் திருந்திட்டாரு பாத்தியா" என்று என் அம்மாவே சொன்னாள், எனக்கிருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். நாம் எல்லோரும் ரோட்டுக்கு வந்து கையசைத்தோம். அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள். ஹட்டனில் அவளைக் கொழும்பு ரயிலில் ஏற்றினார். கொஞ்ச நாளில் கோயிலுக்கு மணி வந்தது. அது எந்தக் காசு என்று ஒரு பெரியவர்கூடக் கேட்கவில்லை.

நான் பிள்ளை குட்டி பெற்ற பிறகு பூண்டுலோயா சந்தையில் கீரைக் கட்டோடு அவளைப் பார்த்தேன். அந்தக் கொழும்பு வீட்டில் நடந்ததை அவள் ஒரே ஒரு முறை சொன்னாள், நான் எழுதமாட்டேன். இடது கையில் கொதிநீர் பட்ட தழும்பு தோள்வரை இருக்கிறது. "ஊருக்கு வாடி" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். "அந்த ஆளு மூச்சு விடுற ஊருல நா கால் வைக்கமாட்டேன்" என்பாள். அவர் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். இழுப்புக்காரர் தொண்ணூறைத் தாண்டினார். உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்று சொல்லிவிட்டால் ஆயுசு கூடும் என்பார்கள் நம் ஆட்கள். "நீ சொன்ன பொய்தான்டி அவர இழுத்துக்கிட்டு நிக்குது" என்று அவளே கேலி செய்வாள். கேலிதான், ஆனால் அவள் அதை நம்பினாள்.

ஆகவே போன வாரம் நீங்கள் கைகூப்பிக்கொண்டிருந்தபோது நான் அவளுக்குப் போன் பேசினேன்.

"நெசமாவா? யாரு சொன்னது?" என்றாள்.

"வாட்ஸ்அப்புல வந்துச்சு."

"நீ நேருல போயிப் பாத்துட்டுச் சொல்லு."

போனேன். கொட்டுகிற மழையில் பஸ் மாறிப் போனேன். உங்களில் அங்கே நின்ற இரண்டு பேர், "பழச மறந்து வந்துட்டியே, பெரிய மனசு" என்று என் கையைப் பிடித்தீர்கள். நான் மரியாதை செய்ய வரவில்லை, சரிபார்க்க வந்தேன். பெட்டியருகில் அத்தை பிளாஸ்டிக் கதிரையில் உலர்ந்த கண்ணோடு இருந்தாள். "நா இவனுக்கு அன்னைக்கே அழுதுட்டேன்" என்றாள். நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். நேரம் எடுத்துப் பார்த்தேன். பிறகு ரோட்டுக்கு வந்து அவளை அழைத்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். கிட்டக்கப் போயி நின்னு பாத்தேன். மூக்குல பஞ்சு வச்சிருக்காங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்டி. செத்துட்டாரு."

அவள் பக்கத்திலும் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூட வாங்கில் என் பக்கத்தில் இருந்த சிறுமியின் குரலில் கேட்டாள்.

"அப்ப நா இனி ஊருக்கு வரலாம்ல?"